3.00 என்றால் என்ன? மேற்படிப்பில் கிரேடு கணக்கு



நம் வீடுகளில் ரிசல்ட் என்றாலே முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை ஏ?" யு.பி.எஸ்.ஆர், பி.எஸ்.எல்.இ காலத்தில் தொடங்கிய கேள்வி அது. எஸ்.பி.எம், ஓ நிலை, எஸ்.டி.பி.எம், பாலிடெக்னிக் என்று நம்மோடே வளர்ந்து டிகிரி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு? மாஸ்டர்ஸ், பி.எச்.டி என்று போகும் அண்ணன் அக்காமார்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "மாஸ்டர்ஸ் படிக்கிறானா, சரி, கெட்டிக்காரன்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அங்கேதான் கணக்கு மாறுகிறது. இளங்கலையில் பாஸ் ஆகப் போதுமான கிரேடு, மேற்படிப்பில் ஒருவரை வெளியே அனுப்பிவிடக்கூடும்.

நான் இன்னும் இளங்கலைப் பொறியியல் மாணவன்தான். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கியதும் சீனியர்களைக் கேட்டேன், விதிமுறைக் கையேடுகளைப் படித்தேன். படித்ததை நமக்குள் ஒரு பாடமாக வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் நல்லது. கடைசியில் பயிற்சியும் உண்டு!

1. மேற்படிப்பு மூன்று வகை

முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம். "மாஸ்டர்ஸ்" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே வேறு வேறு பாதைகள் இருக்கின்றன.

முதல் வகை, பாடவழி முதுகலை. இளங்கலை போலவே வகுப்பு, அசைன்மென்ட், தேர்வு, புரொஜெக்ட் எல்லாம் இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் பகுதிநேரமாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இரண்டாவது, ஆய்வுவழி முதுகலை. சில பாடங்கள் மட்டும் எடுக்க வேண்டும். மீதி முழுக்க ஆய்வும் ஆய்வேடும்.

மூன்றாவது, முனைவர் பட்டம், அதாவது பி.எச்.டி. இதிலும் பல இடங்களில் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் பாடங்கள் உண்டு. பிறகு தகுதித் தேர்வு, ஆய்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்று போகும்.

கிரேடு கணக்கு முதல் வகையில்தான் முழுமையாக ஆட்சி செய்யும். மற்ற இரண்டிலும் அது வாசல் காவலாளி மாதிரி. அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. தாண்டிய பிறகு அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள்.

2. எழுத்தும் புள்ளியும்

உதாரணத்துக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். நம்மில் பலருக்குத் தெரிந்த என்.யு.எஸ்தான். அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. உச்சம் 5.

ஏ பிளஸ், ஏ – 5.0
ஏ மைனஸ் – 4.5
பி பிளஸ் – 4.0
பி – 3.5
பி மைனஸ் – 3.0
சி பிளஸ் – 2.5
சி – 2.0
டி பிளஸ் – 1.5
டி – 1.0
எஃப் – 0

ஏ பிளஸுக்கும் ஏ-வுக்கும் ஒரே புள்ளி என்பதைக் கவனியுங்கள். ஏ பிளஸ் சான்றிதழில் அழகாக இருக்கும், ஆனால் கணக்கில் கூடுதலாக எதுவும் தராது.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எடையும் உண்டு. அதை யூனிட் என்கிறார்கள். வழக்கமான ஒரு பாடம் 4 யூனிட். புள்ளியை யூனிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த யூனிட்டால் வகுத்தால் வருவது ஜி.பி.ஏ. சீனியர்கள் "கேப்" என்றும் "எம்.சி" என்றும் சொன்னால் குழம்ப வேண்டாம். கேப் என்பது ஜி.பி.ஏ-வின் பழைய பெயர், எம்.சி என்பது யூனிட்டின் பழைய பெயர். பெயர்தான் மாறியது, கணக்கு மாறவில்லை.

இதுவரை இளங்கலைக்கும் மேற்படிப்புக்கும் வித்தியாசமே இல்லை. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அளவுகோல் ஒன்றுதான். ஆனால் அதில் கோடு போட்டிருக்கும் இடம் வேறு.

3. கோடு எங்கே?

என்.யு.எஸ் இளங்கலையில் பட்டம் வாங்க ஜி.பி.ஏ 2.00 போதும். அதாவது சராசரி சி. அதற்கு மேலே 3.00, 3.50, 4.00, 4.50 என்று படிகள் உண்டு. உச்சப்படி ஹானர்ஸ், ஹையஸ்ட் டிஸ்டிங்ஷன். எந்தப் படியில் நின்றாலும் பட்டம் பட்டம்தான்.

முதுகலைக்கு அந்தக் கோடு 3.00-க்கு ஏறுகிறது. முனைவர் பட்டத்துக்கு 3.50.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஒரே வளாகம். ஒரே 5 புள்ளி அளவு. ஒரே 2.80 வாங்கிய மூன்று பேர். இளங்கலை மாணவர் பட்டமளிப்பு அங்கி போட்டுப் போட்டோ எடுக்கிறார். முதுகலை மாணவர் பட்டம் வாங்க முடியாமல் நிற்கிறார். முனைவர் பட்ட மாணவர் தொடர்ந்து இரண்டு செமஸ்டர் அந்த 2.80-லேயே இருந்தால் படிப்பே முடிந்துபோகிறது.

விதி இப்படிப் போகிறது. முதுகலையில் ஜி.பி.ஏ தொடர்ந்து இரண்டு செமஸ்டர் 2.50-க்குக் கீழே இருந்தால் வெளியேற்றம். அல்லது தொடர்ந்து மூன்று செமஸ்டர் 3.00-க்குக் கீழே இருந்தாலும் வெளியேற்றம். முனைவர் பட்டத்தில் அதே விதி, கோடு மட்டும் மேலே: 3.00-க்குக் கீழே இரண்டு செமஸ்டர், அல்லது 3.50-க்குக் கீழே மூன்று செமஸ்டர். அதற்கு முன்னால் அறிவிப்பு வரும். முதல் செமஸ்டர் கோட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. அடுத்ததும் கீழே என்றால் நன்னிலைக் கண்காணிப்பு, ஆங்கிலத்தில் புரொபேஷன். இது பல்கலைக்கழகத்தின் பொது விதி. துறையும் உதவித்தொகை கொடுப்பவரும் இதற்கு மேலேயே தனிக் கோடு போட்டு வைத்திருக்கலாம். ஆஃபர் கடிதத்தில் அது எழுதியிருக்கும்.

இதில் கொடுமை ஒன்றுமில்லை என்றே நான் நினைக்கிறேன். இளங்கலைப் பட்டம் "இவர் இந்தத் துறையைப் படித்திருக்கிறார்" என்று சொல்கிறது. முதுகலைப் பட்டம் "இவர் இந்தத் துறையில் ஆழம் பார்த்தவர்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் சி கிரேடு அங்கே "பரவாயில்லை" என்ற பொருளில் வருவதில்லை. "இந்தப் பாடம் இவருக்குப் பிடிபடவில்லை" என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது.

4. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு மாணவர். பாடவழி முதுகலை, மொத்தம் 40 யூனிட், அதாவது பத்துப் பாடம். செமஸ்டருக்கு மூன்று பாடம் எடுக்கிறார்.

முதல் செமஸ்டர்: பி, சி பிளஸ், சி.
3.5 × 4 = 14. 2.5 × 4 = 10. 2.0 × 4 = 8. மொத்தம் 32. அதை 12 யூனிட்டால் வகுத்தால் 2.67. கோடு 3.00. எச்சரிக்கை வருகிறது.

இரண்டாம் செமஸ்டர்: பி, பி மைனஸ், சி பிளஸ்.
14 + 12 + 10 = 36. இந்தச் செமஸ்டரை மட்டும் பார்த்தால் 36 ÷ 12 = 3.00. "அப்பாடா, தப்பிச்சேன்!" என்று தோன்றும். ஆனால் ஜி.பி.ஏ என்பது தொடக்கத்திலிருந்து சேரும் சராசரி. 32 + 36 = 68. 68 ÷ 24 = 2.83. இன்னும் கோட்டுக்குக் கீழேதான். இப்போது கண்காணிப்பு.

மூன்றாம் செமஸ்டர்: இதுதான் கடைசி வாய்ப்பு. 36 யூனிட்டில் 3.00 வேண்டுமென்றால் மொத்தம் 108 வேண்டும். கையில் இருப்பது 68. இன்னும் 40 வேண்டும். மூன்று பாடத்தில் இரண்டு பி, ஒரு பி மைனஸ்: 14 + 14 + 12 = 40. சரியாக 108, சரியாக 3.00. மூன்று பி மைனஸ் வாங்கினால் போதாது. நூலிழைதான்.

இதிலிருந்து இரண்டு பாடம்.

ஒன்று, முதல் செமஸ்டர்தான் மிகக் கனமானது. அப்போது விழுந்த பள்ளத்தை நிரப்பப் பின்னால் கோட்டுக்குச் சமமாக வாங்கினால் போதாது, கோட்டுக்கு மேலே வாங்க வேண்டும். இளங்கலையில் எட்டுச் செமஸ்டர் இருக்கிறது, மெதுவாக மேலே வரலாம். என்.யு.எஸ்-இல் இளங்கலை மாணவர்களுக்குச் சில பாடங்களின் கிரேடை மறைத்து "எஸ்" அல்லது "யு" என்று மட்டும் வைத்துக்கொள்ளும் சலுகையும் உண்டு. முதுகலையில் மொத்தமே மூன்று நான்கு செமஸ்டர்தான். "முதல் செம்ல பழகிக்கலாம்" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

இரண்டு, தாமதித்தால் விலை ஏறும். இதே மாணவர் மூன்றாம் செமஸ்டரிலும் 2.83-லேயே நின்று, கடைசியாக ஒரே ஒரு பாடம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பாடத்தில் அவருக்கு ஏ மைனஸ் வேண்டும். ஆனால் அந்தப் பாடம் வரைக்கும் போகவே முடியாது, ஏனென்றால் மூன்று செமஸ்டர் விதி அதற்கு முன்னாலேயே அவரைப் பிடித்துவிடும்.

5. ஒரே 3.00, இரண்டு அர்த்தம்

பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் கணக்கு வேறு. மலேசியப் பல்கலைக்கழகங்களில் 4.00 அளவுதான் வழக்கம். ஏ என்றால் 4.00, பி என்றால் 3.00, சி என்றால் 2.00. எம்.கியூ.ஏ தரவிதிப்படி பாடவழி முதுகலை முடிக்கக் குறைந்தது சி.ஜி.பி.ஏ 3.00 வேண்டும்.

இப்போது பாருங்கள். என்.யு.எஸ்-இல் முதுகலைக் கோடு 3.00. மலேசியாவிலும் 3.00. ரெண்டும் ஒன்னுதானே என்று நினைத்தால் தப்பு. 5 புள்ளி அளவில் 3.00 என்பது பி மைனஸ். 4 புள்ளி அளவில் அதே 3.00 முழு பி. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு மேற்படிப்புக்கு வரும் ஒருவர், "எனக்கு 3.5 வந்திருக்கு" என்று வீட்டில் சொன்னால், அப்பாவுக்கு அது மலேசியக் கணக்கில் ஏ மைனஸ் பக்கம் தெரியும். உண்மையில் அது பி. இங்கிருந்து அங்கே போகிறவருக்கு நிலைமை தலைகீழ். நல்ல மதிப்பெண் வாங்கியும் எண் சின்னதாகத் தெரியும்.

அமெரிக்காவிலும் 4.0 அளவுதான். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு மாணவர்கள் 3.0, அதாவது பி சராசரியைக் காப்பாற்ற வேண்டும்.

பிரிட்டன் கதை இன்னும் வேறு. அங்கே நூற்றுக்கு மதிப்பெண். இளங்கலையில் பொதுவாக 40 எடுத்தால் பாஸ். முதுகலையில் 50. 60-க்கு மேல் மெரிட், 70-க்கு மேல் டிஸ்டிங்ஷன். 68 வாங்கிய பிள்ளையைப் பார்த்து "ஏன்பா, 90 வாங்கறவன் நீ, என்னாச்சு?" என்று அம்மா கேட்டால், பிள்ளை என்ன செய்யும்? 68 அங்கே பெருமைப்பட வேண்டிய எண் என்று யாராவது அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனைக்கு? எந்த நிலைப் படிப்பு? கோடு எங்கே? இந்த மூன்றும் தெரியாமல் அந்த எண்ணை வைத்து யாரையும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

6. "சி தானே, பாஸ் தானே?"

எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் அண்ணன். அவர் பெயரும் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். இளங்கலையில் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் முடித்தார், ஆனால் முடித்தார். வேலைக்குப் போய் இரண்டு வருஷம் பணம் சேர்த்துப் பகுதிநேர முதுகலையில் சேர்ந்தார். அவர் குடும்பத்தில் மாஸ்டர்ஸ் படிக்கப் போன முதல் ஆள் அவர்தான்.

முதல் செமஸ்டரில் இரண்டு பாடம். சி பிளஸ் ஒன்று, சி ஒன்று. வேலையில் ஷிப்ட் மாறி மாறி வந்த நேரம் அது. எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. அவர் அதைப் படித்தார், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சி தானே, பாஸ் தானே?" என்று இளங்கலைக் கணக்கில் நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான்கு வருஷம் அதுதான் உண்மையாக இருந்தது. வீட்டில் கேட்டபோது "எல்லாம் பாஸ்" என்றார். பொய்யும் இல்லை.

இரண்டாம் செமஸ்டரும் அதே மாதிரி போனது. அடுத்து வந்த கடிதத்தில் மாணவர் பதிவு முடிவுக்கு வந்ததாக இருந்தது. கட்டிய பணம் போனது. அதைவிட, வீட்டில் சொல்ல அவருக்கு நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசமும் வகுப்பு நாளில் மாலை நேரம் வீட்டை விட்டுக் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாராம்.

இதை எழுதச் சொன்னதே அவர்தான். "நான் படிக்காம ஃபெயில் ஆகலடா தம்பி. எனக்கு எங்க கோடு இருக்குன்னே தெரியல. தெரிஞ்சிருந்தா முதல் மெயில் வந்த அன்னைக்கே லீவ் போட்டிருப்பேன், இல்ல ஒரு செமஸ்டர் தள்ளி வெச்சிருப்பேன்" என்றார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், அதே துறையில் வேலை. ஆனால் அந்தப் பட்டம் இல்லை.

7. கணக்கில் சேராத எழுத்துகள்

மேற்படிப்புச் சான்றிதழில் ஏ, பி, சி மட்டும் இருக்காது. வேறு சில குறிகளும் வரும். மறுபடியும் என்.யு.எஸ் உதாரணம்.

சி.எஸ், சி.யு: "திருப்தியாக முடித்தார்", "திருப்தியாக முடிக்கவில்லை". கருத்தரங்கு போன்ற சில பாடங்களுக்கு இப்படித்தான் வரும். ஜி.பி.ஏ-வில் சேராது. ஆனால் முடிக்காமல் பட்டம் கிடையாது.

ஐ.பி: இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட செமஸ்டர் ஓடும் புரொஜெக்டுக்கு வரும். பயப்பட ஒன்றுமில்லை.

ஐ.சி: முழுமையடையவில்லை. உடல்நிலை போன்ற ஏற்கத்தக்க காரணத்தால் ஒரு பகுதியைச் செய்ய முடியாதபோது வரும். இது தள்ளிவைப்புதான், மன்னிப்பு இல்லை. குறித்த காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

டபிள்யூ: பாடத்திலிருந்து விலகியது. செமஸ்டரின் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் தடயமே இருக்காது. அதற்குப் பிறகு செமஸ்டர் நடு விடுமுறை வாரம் முடியும்வரை விலகினால் டபிள்யூ. அது சான்றிதழில் தெரியும், கணக்கில் சேராது. அதையும் தாண்டி விலகினால் எஃப். இந்தத் தேதிகளை முதல் நாளே போனில் குறித்து வையுங்கள். மூழ்குகிற பாடத்திலிருந்து சரியான வாரத்தில் இறங்குவது தோல்வியல்ல, கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலை.

எஃப்: இதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "மறுபடி எடுத்தா பழைய எஃப் அழிஞ்சிடும்" என்பார்கள். அழியாது. மறுமுறை வாங்கிய கிரேடும் பழைய எஃப்பும் இரண்டும் சான்றிதழில் இருக்கும், இரண்டும் கணக்கில் சேரும். பாஸ் ஆன பாடத்தைக் கிரேடு உயர்த்துவதற்காகத் திரும்ப எடுக்கவும் முடியாது.

8. மதிப்பெண் எதற்குக் கொடுக்கிறார்கள்?

என்.யு.எஸ்-இல் பாட எண் 5000, 6000 என்று தொடங்கினால் அது மேற்படிப்பு நிலை. இளங்கலை மாணவர்களும் கடைசி ஆண்டில் 5000 நிலைப் பாடம் எடுக்க வாய்ப்புண்டு. முடிந்தால் ஒன்று எடுத்துப் பாருங்கள். கடலில் இறங்கும் முன் கால் நனைத்துப் பார்ப்பது மாதிரி.

இளங்கலைப் பெரிய வகுப்பில் முந்நூறு பேர் ஒரே தேர்வு எழுதுவார்கள். எல்லாருடைய மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, எங்கே ஏ, எங்கே பி என்று பிரிப்பார்கள். நாம் "பெல் கர்வ்" என்று பேசிப் பேசிப் பயப்படுவது இதைத்தான். மேற்படிப்பு வகுப்பில் பதினைந்து பேர்தான் இருக்கலாம். அங்கே அந்த வளைவை நம்பி, "எனக்குக் கீழே நாலு பேர் இருந்தா போதும்" என்று கணக்குப் போட முடியாது. விரிவுரையாளருக்கு உங்கள் வேலை தனியாகத் தெரியும்.

கேள்விகளும் வேறு. இளங்கலையில் விடை இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மேற்படிப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து, இதில் எது பலவீனம் என்பார்கள். அந்த முறையை வேறு தரவில் ஓட்டிப் பார்த்து, ஏன் வேலை செய்யவில்லை என்று விளக்கச் சொல்வார்கள். முடிவு தப்பாக வந்தாலும், ஏன் தப்பு என்று நேர்மையாக எழுதியவருக்கு நல்ல கிரேடு கிடைக்கும். முடிவு சரியாக வந்து, அது எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாதவருக்குக் கிடைக்காது. பிறர் எழுதியதை எடுத்துப் போட்டு மாட்டிக்கொண்டால் கிரேடு மட்டுமல்ல, படிப்பே ஆபத்தில்.

9. முனைவர் பட்டம்: ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை

பி.எச்.டி ஆய்வேட்டுக்குக் கிரேடு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பாடங்களில் கோட்டைத் தாண்டிய பிறகு தகுதித் தேர்வு வரும். கியூ.இ என்று சொல்வார்கள். ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொடுத்து, பேராசிரியர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். அதில் தேறினால்தான் ஆய்வு தொடரும்.

கடைசியில் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் படிப்பார்கள். வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒருவர் இருப்பார். அவர்கள் மதிப்பெண் போடுவதில்லை. தீர்ப்புச் சொல்கிறார்கள்: ஏற்கலாம், சிறு திருத்தங்களோடு ஏற்கலாம், பெரிய திருத்தம் வேண்டும், திரும்ப எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும், அல்லது ஏற்க முடியாது. பிரிட்டனில் சில நேரம் முனைவர் பட்டத்துக்குப் பதில் எம்.ஃபில் கொடுப்பதும் உண்டு. "திருத்தத்தோட பாஸ்" என்று ஓர் அக்கா சொன்னால் ஐயோ பாவம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலோருக்கு அப்படித்தான் வரும். வாழ்த்துச் சொல்லுங்கள்.

எத்தனை ஏ என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். நான்கைந்து வருஷம் உழைத்து, கடைசியில் ஓர் எழுத்துகூட வராது. ஆனால் யோசித்தால் நியாயம்தான். அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தவரை யாரோடு ஒப்பிட்டுக் கிரேடு போடுவது?

10. நாம் செய்ய வேண்டியவை

மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு:

• சேரும் முன்னால் நான்கு எண்களை எழுதி வையுங்கள். பட்டத்துக்கான குறைந்த ஜி.பி.ஏ, வெளியேற்றக் கோடு, உதவித்தொகைக் கோடு, விலகல் கடைசித் தேதி.
• பகுதிநேரம் என்றால் முதல் செமஸ்டரில் ஒரு பாடம் குறைவாகவே எடுங்கள். வேகத்தைப் பின்னால் கூட்டலாம்.
• ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மேலே போட்ட கணக்கை நீங்களே போடுங்கள். கடிதம் வந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை.
• எச்சரிக்கை வந்தால் அந்த வாரமே மேற்பார்வையாளரையோ துறை அலுவலகத்தையோ பாருங்கள். விடுப்பு எடுக்கலாமா, பாடச்சுமையைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். வெளியேற்றிய பிறகு கேட்பதைவிட, அதற்கு முன்னால் கேட்டால் வழி அதிகம்.

வீட்டில் இருக்கும் நமக்கு: அண்ணன், அக்கா படித்துக்கொண்டிருந்தால் "பாஸா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கோட்டுக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தாலே, நூலகத்தில் தனியாக உட்கார வேண்டிய மாலைகள் குறையும்.

பயிற்சி

எல்லாம் என்.யு.எஸ் அளவு, ஒவ்வொரு பாடமும் 4 யூனிட்.

1. ஒரு முதுகலை மாணவி முதல் செமஸ்டரில் ஏ மைனஸ், சி பிளஸ் வாங்கினார். ஜி.பி.ஏ என்ன? எச்சரிக்கை வருமா?

2. ஒரு முனைவர் பட்ட மாணவர் பி பிளஸ், பி, பி மைனஸ் வாங்கியிருக்கிறார். கோட்டுக்கு மேலேயா, கீழேயா? நான்காவது பாடத்தில் பி மைனஸ் வந்தால்?

3. ஒருவர் நான்கு பாடத்தில் பி பிளஸ், ஒன்றில் எஃப். அந்தப் பாடத்தை மறுபடி எடுத்து பி வாங்கினார். ஜி.பி.ஏ என்ன? அந்த எஃப் இல்லாமலிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும்?

4. கலந்துரையாடல்: எச்சரிக்கைக் கடிதம் வந்த நண்பர் வீட்டில் சொல்லப் பயப்படுகிறார். முதலில் யாரிடம் பேசச் சொல்வீர்கள்? ஏன்?

விடைகள்: (1) 7.0 ÷ 2 = 3.50, எச்சரிக்கை வராது. சி பிளஸ் ஒன்று வந்ததால் உலகம் முடிந்துவிடவில்லை. (2) 10.5 ÷ 3 = 3.50, சரியாகக் கோட்டின் மேல். நான்காவது பி மைனஸ் வந்தால் 13.5 ÷ 4 = 3.38, கீழே. (3) 19.5 ÷ 6 = 3.25. எஃப் இல்லையென்றால் 19.5 ÷ 5 = 3.90. (4) இதற்கு ஒரே விடை இல்லை. உங்கள் கிளைக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள். மேற்படிப்பு படிக்கும் அண்ணன் அக்கா யாராவது இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். புத்தகத்தில் இல்லாத பதில் அவர்களிடம் இருக்கும்.